வெயிலை விழுங்கும் பாசி

கடல் உள்வாங்கும்போது பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிவப்புப் பாசிக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது. அலை திரும்பும்வரை மணிக்கணக்கில் வெயிலில் கிடக்க வேண்டியதுதான். அப்படியும் தாக்குப்பிடிக்கிறதென்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் அதன் செல்களில் இருக்கும் மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள், அதாவது புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சிறு மூலக்கூறுகள்.

வெயில் நம் தோலுக்கு என்ன செய்கிறது? புற ஊதாக் கதிரில் யுவி-பி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும்; தோல் சிவந்து எரிவது அதனால்தான். யுவி-ஏ அடித்தோல்வரை இறங்கும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் படத்தை 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த கன்னம் மட்டும் தடித்து, வரிவரியாகச் சுருங்கியிருந்தது. யுவி-ஏ பட்ட செல்லில், எதையும் தாக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலில் எம்எம்பி-1 என்ற நொதி அதிகமாகச் சுரந்து, தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளை வெட்டுகிறது. புதுக் கொலாஜன் உருவாவதும் குறைகிறது. அப்புறம் சுருக்கம் விழாமல் என்ன செய்யும்?

பாசி இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கிறது. அந்த அமினோ அமிலங்களில் ஒன்றான போர்ஃபைரா-334 என்ற மூலக்கூறின் பெயரில் உள்ள எண், அது மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம்: 334 நானோமீட்டர், யுவி-ஏ எல்லைக்குள். கதிரை உறிஞ்சுவது பெரிய விஷயமில்லை. உறிஞ்சிய ஆற்றலை என்ன செய்வது என்பதில்தான் சாமர்த்தியம். கிளர்ந்த மூலக்கூறு அதே நிலையில் நீடித்தால் தானே உடையலாம், அல்லது ஆற்றலைப் பக்கத்து ஆக்சிஜனிடம் தள்ளிவிடலாம். சன்ஸ்கிரீன்களில் வரும் அவோபென்சோனுக்கு, வேறு பொருள்களின் துணை இல்லாவிட்டால், வெயிலிலேயே சிதையும் குணம் உண்டு. போர்ஃபைரா-334 தன் வளையத்தை நெளித்து, சில பிக்கோநொடிகளில் ஆற்றலை வெப்பமாக உதறிவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பிக்கோநொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உடனே அடுத்த கதிருக்கும் தயார்.

பழுப்புப் பாசிகளின் வழி வேறு. அவற்றிலுள்ள ஃப்ளோரோடானின்கள் என்ற வேதிப்பொருள்கள் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் எம்எம்பி-1 குறைவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் முகத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, 'கடற்பாசிச் சாறு' என்று லேபிளில் இருந்தால் வாங்கிவிடலாமா? அதை மட்டும் நம்பி வெயிலில் இறங்குவது சரியில்லை என்பேன். சிவப்புப் பாசியின் அந்த அமினோ அமிலங்கள் தண்ணீரில் கரைபவை, வியர்வையோடு போய்விடும். அதனால்தான் கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்துக் களிம்பில் சேர்க்கிறார்கள். பாசியில் அவற்றின் அளவும் ஒரே மாதிரி இருப்பதில்லை, நிழலில் வளர்ந்ததில் குறைவு. இதற்கு மாற்றாக, நீலப்பச்சைப் பாசியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஷினோரினை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள்.