சுமை தாங்குவது பட்டை, ஆட்டத்தை அடக்குவது ஷாக்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவே ஓடும் குட்டி யானைகளுக்கு ஓய்வு கிடையாது. 40 கிலோ சிப்பம் 18 ஏற்றினாலே 720 கிலோ. வண்டி பின்னால் அமுங்கி நிற்பதைப் பார்த்ததும் “ஷாக் போச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் புது ஷாக் போட்டாலும் வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. பட்டை தளர்ந்திருந்தால் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் வேலை, அமுங்கிய பட்டை எகிறும்போது அந்த எகிறலை அடக்குவது.

அந்த எகிறலுக்கு ஒரு கணக்கு உண்டு. சுமையோடு சேர்த்து, தன் மேல் உள்ள எடைக்குப் பட்டை 10 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால், தட்டிவிட்டதும் வண்டியின் பின்பகுதி வினாடிக்கு ஏறத்தாழ 1.6 முறை மேலும் கீழும் ஆடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆக, சாலையில் 7 மீட்டருக்கு ஒரு மேடு வந்தால், ஒவ்வொரு மேடும் சரியாக அடுத்த ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வந்து தள்ளும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். கோடையில் வெடித்து மழையில் ஊறும் களிமண்ணில் போட்ட ஆற்றங்கரைச் சாலைகளில் இப்படிப்பட்ட அலைமேடுகளுக்குப் பஞ்சமில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலும் ஆட்டம் கொஞ்சம் குறையும். மிச்சத்தை அடக்க ஷாக் வேண்டும்.

ஷாக்கின் உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயும், சிறு துளைகளும் வால்வுகளும் கொண்ட பிஸ்டனும் இருக்கின்றன. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டும். அந்தத் தடையில் ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. அமுங்கும்போது தடை குறைவு, நீளும்போது அதிகம். பட்டை எகிறுவதைப் பிடித்து நிறுத்தவே இந்த வித்தியாசம்.

பழுது கண்டுபிடிக்க, வண்டியைக் கையால் அமுக்கிப் பார்ப்பது காருக்குச் சரி. கடினமான பட்டை உள்ள சரக்கு வண்டியில் அது பெரிதாக எதையும் காட்டாது. மேடுபள்ளச் சாலையில் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, பின்பக்கத்து இரண்டு ஷாக்கின் உடலையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கை போக வேண்டாம். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்தே கிடப்பது செத்தது. மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயமில்லை, எண்ணெய் வழிந்து அதில் மண் கட்டியிருந்தால், எண்ணெயை உள்ளேயே தடுத்து வைக்கும் சீல் போய்விட்டது. டயர் தேய்மானம் திட்டுத்திட்டாக இருந்தாலும் சந்தேகப்படலாம். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசும் பழசுமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

வேலைக்குச் சிமென்டுத் தரை வேண்டும். களத்து ஈரமண்ணில் ஜாக்கி இறங்கிவிடும். பல வண்டிகளில் கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான்; அவற்றைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. அதனால் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். அடியில் இடம் போதுமென்றால் தூக்கவே வேண்டாம், சக்கரம் தரையில் இருக்கும்போதே மாற்றிவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாக்கி ஆக்சிலுக்கு அடியில் போகட்டும், பிறகு ஆக்சிலையே ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். சேஸைத் தூக்கினால் ஆக்சில் தொங்கும். சில வண்டிகளில் அதைப் பிடித்து வைத்திருப்பதே ஷாக்தான். போல்ட்டைக் கழற்றிய நொடியில் ஆக்சில் விழுந்து பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

முதல் நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்பேனர் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 17, 19 இரண்டும் கையில் இருக்கட்டும். கீழ் நட்டை முதலில், மேல் நட்டைப் பிறகு.

நேரத்தைத் தின்பது இந்த இடம்தான். நட் கழன்றுவிடும், ஷாக் வராது. ஷாக்கின் முனை வளையத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழல், ஷாக் மாட்டியிருக்கும் இரும்புப் பின்னோடு (pin) துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். சம்மட்டியால் அடித்தால் சேஸோடு பற்றவைத்த பின் வளையும். கேஸ் வைத்துச் சூடாக்கவே கூடாது: ஷாக்கில் எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கின்றன, பக்கத்திலேயே பிரேக் குழாயும் டீசல் குழாயும் ஓடும். கத்தியால் ரப்பரை அறுத்து ஷாக்கை உருவிவிடுங்கள். பின்மேல் மிஞ்சும் குழலை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில், பின்னைத் தொடும் முன் நிறுத்தி அறுத்து, அந்தக் கீறலில் உளியை வைத்துத் தட்டினால் குழல் வாய் பிளந்து கழன்றுவிடும். பின்னை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

புது ஷாக்கை அட்டையிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. இரட்டைக் குழாய் வகை கடையில் படுத்தே கிடந்திருக்கும், உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து முழுக்க அமுக்குங்கள். முதல் தடவை பாதி தூரம் ‘லொடக்’கென்று தடையில்லாமல் போகும். நான்கைந்து தடவைக்குப் பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கனக்கும். அதன்பின் படுக்கப்போடாமல் மாட்டிவிடுங்கள். வாயு நிரப்பியது தானாக நீளும். அதைக் கட்டியிருக்கும் பட்டியை, மேல் பக்கம் மாட்டிய பிறகே வெட்டுங்கள். பிஸ்டனோடு சேர்ந்த ராடை இடுக்கியால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் வழியும்.

புஷ் ஏற இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துவிடும். வாஷர்கள் பழைய வரிசையிலேயே வரட்டும்.

நட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியின் எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே முழுக்க இறுக்குங்கள். புஷ்ஷின் ரப்பர் குழலோடு ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் அது எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரமே கிழியும். எவ்வளவு இறுக்குவது என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். மேல்முனை வளையமாக இல்லாமல் நட் ஏறும் தண்டாக இருந்தால், ரப்பர் பிதுங்கி வாஷரின் விளிம்பு அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள்.

பழைய ஷாக்கின் எண்ணெயை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். வெட்டாமல், சூடாக்காமல் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முதல் லோடு இறக்கியதும் இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடு ஒன்றாக இருக்க வேண்டும்.