பல் கேப், பல் செட்: அரசு அனுமதி எதற்கு, எங்கே பார்ப்பது?

கேப் போட்டவுடன் கையில் தரும் வாரண்டி அட்டையையே பலர் தரச் சான்று என்று நினைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். உடைந்தால் மாற்றித் தருவோம் என்ற வணிக உறுதி மட்டுமே அது. பொருள் வாய்க்குப் பாதுகாப்பானதா என்பதற்கு அரசு தரும் அனுமதி வேறு.

அந்த அனுமதி மருத்துவச் சாதன விதிகள் 2017-இன்படி தரப்படுகிறது. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ (மிகக் குறைவு), பி, சி, டி (மிக அதிகம்) என நான்கு பிரிவுகள். பல்லில் நீண்டகாலம் இருக்கும் பொருள்கள் பி பிரிவு. எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் சி பிரிவு. பி பிரிவுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி பிரிவுகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். இது மத்திய விதி. மார்த்தாண்டத்தில் அளவு எடுத்து, கேப்பைத் திருவனந்தபுரத்து லேபில் செய்தாலும் இதே விதிதான்.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் பல்லுக்கென்றே, மருத்துவரின் எழுத்துச் சீட்டின்படி லேப் செய்யும் கேப்புக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஒரு நோயாளிக்காக மட்டும் செய்த சாதனம் என்ற விலக்கு அதற்கு உண்டு. அந்த விவரம் லேபிளில் இருக்க வேண்டும். உரிமம் வேண்டியது லேப் வாங்கும் மூலப்பொருளுக்கு: கேப்புக்கான சிர்கோனியா (வெள்ளை செராமிக்) கட்டி, உலோகக் கட்டி, பல் செட்டுக்கான அக்ரிலிக் (பிளாஸ்டிக்) பொடி. கேப்பை ஒட்டிய பிறகு அந்தப் பொருள் வந்த பெட்டியைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆகவே அளவு எடுக்கும் நாளிலேயே கேளுங்கள்: என்ன பொருள், எந்த நிறுவனம், லேபிளைப் படம் எடுத்துத் தருவீர்களா?

லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இந்திய இறக்குமதியாளரின் முகவரியும் இறக்குமதி உரிம எண்ணும் வேண்டும். உரிம எண் பெரும்பாலும் எம்.எஃப்.ஜி/எம்.டி அல்லது ஐ.எம்.பி/எம்.டி என்று தொடங்கும். ஐரோப்பாவின் சி.இ. முத்திரை இருந்தாலும் இந்திய உரிமத்துக்கு அது ஈடாகாது.

உலோகக் கேப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும். உலோகத்தின் மேல் செராமிக் பூசிய மலிவான கேப்களில் நிக்கல்-குரோமியம் கலவை அதிகம். கவரிங் நகை போட்டால் காதும் கழுத்தும் அரிப்பெடுப்பவர்கள் (பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை) அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 22674 என்ற சர்வதேசத் தரப்படி நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அதன் அளவைக் குறிப்பிட வேண்டும். நச்சு உலோகங்களான பெரிலியம், காட்மியம் ஒவ்வொன்றும் 0.02 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிலியம் முதலில் தாக்குவது, உலோகத்தைத் தேய்க்கும்போது தூசியைச் சுவாசிக்கும் லேப் தொழிலாளியின் நுரையீரலை.

பல் செட்டில் சிக்கல், அக்ரிலிக் பொடியோடு கலக்கும் மோனோமர் என்ற திரவம் முழுதும் இறுகாமல் மிஞ்சி நிற்பது. ஐ.எஸ்.ஓ. 20795-1 தரம் சூட்டில் வேகவைத்த அக்ரிலிக்குக்கு 2.2 சதவீதமும், தானாக இறுகும் வகைக்கு 4.5 சதவீதமும் அனுமதிக்கிறது. வேகவைக்கும் நேரத்தைக் குறைத்தால் மிச்சம் கூடும். வாய் எரியும், ஈறு சிவக்கும். உடைந்த செட்டை ஒட்டவைப்பது பெரும்பாலும் தானாக இறுகும் வகையில்தான். எனவே ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே அணியுங்கள்.

பில்லில் ‘கேப் 1’ என்று மட்டும் வாங்காதீர்கள். பல் எண், பொருள், நிறுவனம், தொகுதி எண் எழுதி வாங்குங்கள். லேப் சீட்டின் நகலும் சேரட்டும்.

கேப்பைச் சுற்றி ஈறு ஆறாமல் சிவந்திருந்தால் முதலில் அதே மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் இப்படி ஆகும். எல்லாம் ஒவ்வாமை அல்ல. பொருள்தான் காரணம் என்று சந்தேகம் வந்தால் இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். உரிம எண்ணே இல்லாத பொருள் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். பணம் திரும்ப வேண்டுமானால், குமரி மாவட்டத்தினருக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு தர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. சிகிச்சை வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குமரி மாவட்டத்தில் வசித்தால் இங்கேயே மனு தரலாம்.