மாவில் படும் வளையம் எங்கிருந்து வந்தது?

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லைக் காணவில்லை. அதை முதலில் கவனித்தவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண். அதற்குள் அந்த டம்ளரால் வெட்டிய பிஸ்கட்டுகள் நாற்பதுக்கு மேல் தட்டுகளில் அடுக்கப்பட்டு அடுப்புக்குக் காத்திருந்தன. சில்லு எப்போது பெயர்ந்தது, எந்த வட்டத்துக்குள் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மீதி மாவையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு கிலோவைக் குப்பையில் கொட்டச் சொன்னேன். "டீச்சர், வெண்ணெய் என்ன விலை விக்குது! வெளிச்சத்துல வச்சுப் பார்த்து எடுத்துடலாமே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாவுக்குள் புகுந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, அடுப்புச் சூட்டில் உருகவும் செய்யாது. கடிக்கும் வாயில்தான் தெரியும். அது ஒரு குழந்தையின் வாயாக இருக்கலாம்.

ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களான மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் மகளிர் குழுக்களுக்கு பேக்கரிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வகுப்பு நிரம்பும். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் இருக்காது, பெண்கள் ஏதாவது கைத்தொழில் பழக வருவார்கள். மாவு பிசைவதையும் அடுப்பின் சூட்டையும் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். வட்டமாக வெட்டுவதை மட்டும் யாரும் பாடமாக நினைப்பதில்லை. "கையில் கிடைக்கிறதை வைத்து அழுத்த வேண்டியதுதானே?" என்ற எண்ணம். கையில் கிடைப்பது எது என்பதில்தான் எனக்குக் கவலை.

அன்று அந்த டம்ளர் ஏன் சில்லு விட்டது? மே மாத மதியம், அறையில் சூடு 35 டிகிரி இருக்கும். வெண்ணெய் சேர்த்த பிஸ்கட் மாவு அந்தச் சூட்டில் நிற்காது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டியதுமே உருகத் தொடங்கிவிடும். மாவு குழைந்து டம்ளரில் ஒட்டுகிறது, வட்டம் கழன்று வருவதில்லை. உடனே இன்னும் அழுத்துகிறார்கள், திருகுகிறார்கள், பலகையில் தட்டுகிறார்கள். கண்ணாடி அதைத் தாங்காது. ஆக, மாவைக் குளிர வைக்கத் தெரியாததும் ஒரு பாதுகாப்புக் குறைதான்.

மாவைப் பிசைந்ததும் உருண்டையாக வைக்காமல் தட்டையாகத் தட்டி, இரண்டு பேக்கிங் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். பேப்பரோடு அப்படியே 20 அல்லது 30 நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். தொட்டால் அட்டை போல நிற்க வேண்டும். அப்போது லேசாக அழுத்தினாலே வட்டம் பிரியும். கட்டரை, அதாவது வட்டம் வெட்டும் வளையத்தை, ஒவ்வொரு முறையும் மாவுப்பொடியில் தொட்டு, நேராக இறக்கி, நேராக எடுங்கள். திருகாதீர்கள். பஃப் மாவையோ ஸ்கோன் மாவையோ திருகி வெட்டினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாமல் சாய்ந்துவிடும்.

டம்ளர் எவர்சில்வராகவே இருந்தாலும் அதில் இன்னொரு சங்கடம் உண்டு. அடிப்பக்கம் மூடியிருப்பதால் உள்ளே காற்று அடைபட்டு மாவை இழுத்துப் பிடிக்கும். இரண்டு பக்கமும் திறந்த வளையம் என்றால் விரலால் ஒரு தொடு தொட்டால் போதும், வட்டம் விழுந்துவிடும். பூரிக்கும் சோமாஸுக்கும் டப்பா மூடியால் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கிறது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அது எண்ணெயும் பருப்பும் படும் அடுப்படி மூடி, அந்த மாவும் வெண்ணெய் மாவைப் போல ஒட்டுவதில்லை.

மூன்று வகை வளையங்களை மட்டும் வகுப்புக்குள்ளேயே விடுவதில்லை.

முதலாவது, குழாய்த் துண்டு. பிளம்பிங் வேலை முடிந்ததும் மிஞ்சும் பிவிசி குழாயை இரண்டு அங்குலத்துக்கு அறுத்தால் அழகான வளையம் கிடைக்கும், காசும் இல்லை. ஆனால் குழாய் சூட்டைத் தாங்கி நெடுநாள் உழைப்பதற்காக நம் நாட்டில் பல ஆண்டுகள் ஈயச் சேர்மங்களைக் கலந்துதான் பிவிசி குழாய் செய்தார்கள். அதைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021இல் தனி விதியே கொண்டுவந்தது. "ஒரு நொடி படுவதற்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்பார்கள். படுவதால் இறங்குவது மிகக் குறைவு என்பது சரிதான். என் பயம் அறுத்த விளிம்பின் பிசிறைப் பற்றியது. ரம்பத்தால் அறுத்த பிளாஸ்டிக் ஓரம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் துகள் விடும். வெள்ளைக் குழாயின் வெள்ளைத் துகள் மைதாவில் விழுந்தால் யார் கண்டுபிடிப்பது? குழந்தைகளின் உடலில் ஈயம் இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இரண்டாவது, பெயிண்ட் டப்பாவின் மூடியும் வளையமும். பெரிய வட்டம் வேண்டும் என்று தேய்த்துக் கழுவி எடுத்து வருகிறார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் டப்பா எந்த ஆண்டினுடையது என்று யாருக்கு நினைவிருக்கும்? வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் கரையில் அதிகம்: துருப்பிடித்த தகரக் கட்டர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்க்க மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை வைத்திருக்கிறது என்றால் எங்கள் உப்புக்காற்றைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் காலமெல்லாம் துருவோடு போராடியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தகரக் கட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் (டின், மேலே சொன்ன ஈயம் அல்ல) பூசியது. மேல்பரப்பு பளபளவென்று இருந்தாலும் வெட்டுப்பட்ட விளிம்பில் இரும்பு வெளியே தெரியும். மாவில் படுவதும் அந்த விளிம்புதான். மதுரையில் இரண்டு வருஷம் வரும் கட்டர் பாம்பனில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

எவர்சில்வர் வாங்குங்கள். அதிலும் 304 வகையா என்று கேட்டு வாங்குங்கள். அதில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருப்பதால் துருவை நன்றாகத் தடுக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காந்தம் இழுக்காவிட்டால் நல்ல சரக்கு என்று நம்புகிறோம். நிக்கல் குறைவான 202 வகையையும் காந்தம் இழுக்காது. அதனால் அந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், கடைக்காரரிடம் வகையைக் கேளுங்கள். 304கூட உப்பு படிந்தே கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, அடுப்பின் மிச்சச் சூட்டில் ஐந்து நிமிடம் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

துரு என்றதும் எல்லோரும் டெட்டனஸ் என்கிறார்கள். துரு அந்த நோயைத் தருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு கிருமிதான் தருகிறது, அது ஆழமான காயத்துக்குள் போனால் ஆபத்து. பால் டின்னின் இரு பக்கத்தையும் வெட்டி வளையம் செய்தவர் ஒருவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். கீழ் விளிம்பு மாவை வெட்ட, மேல் விளிம்பு கையை வெட்டிவிட்டது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஓடும் நீரில் கழுவி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். கடைசித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று அங்கே கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தேதியை வீட்டில் எழுதி வையுங்கள்.

பாசி எடுக்கக் கடலுக்குள் போகும் அக்காமார் வகுப்புக்கு வரும்போது முதலில் அவர்கள் விரல்களைத்தான் பார்ப்பேன். துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறை கீறிய காயம் இல்லாத கை அபூர்வம். காயத்தில் வளரும் ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் கிருமி கிரீம், பூரணம் போன்ற ஈரமான பண்டத்தில் சேர்ந்து பெருகினால் ஒரு நச்சை விடும். கிருமி சூட்டில் சாகும், நச்சு சாகாது. அதனால் காயத்துக்கு நீர் புகாத பிளாஸ்திரியும் அதன் மேல் கையுறையும் போடாமல் மாவைத் தொட விடுவதில்லை. இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடும். உழைத்த கையை அசுத்தம் என்று சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. அதனால் தனியாக அழைத்துப் போய், காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

விற்பனைக்குச் செய்பவர்கள் ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு டம்ளர் எடுத்து வெட்டும்போது 6 சென்டிமீட்டருக்கும் 7 சென்டிமீட்டருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பரப்பில் அது 36க்கு 49. ஒரே கனத்தில் தேய்த்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாவு கூடுதலாகப் போகிறது. ஒரே தட்டில் வைத்தால் சிறியது கருகும்போது பெரியது வெளுத்திருக்கும். அப்புறம், ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று என்று வெட்டாமல், செங்கல் வரிசை போல மேல் வரிசையின் இரண்டு வட்டங்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் அடுத்ததை வையுங்கள். ஓரத்தை விட்டுப் பார்த்தால், நேர் வரிசையில் 78 விழுக்காடு மாவுதான் வட்டமாகும், பள்ளத்தில் வைத்தால் 90 வரை போகும். மிஞ்சும் துண்டு குறைந்தால் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் குறையும். தேய்க்கத் தேய்க்க மைதாவின் பசைத்தன்மை முறுக்கேறி, வெட்டிய வட்டம் சுருங்கி நீள்வட்டமாகிவிடும். கடித்தால் சவ்வென்று இருக்கும்.

கேக் தட்டின் அடியில் போடும் வட்டக் காகிதத்தைச் செய்தித்தாளில் வெட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அச்சு மை உணவில் படக் கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிவதையே 2018 பேக்கேஜிங் விதிமுறைகள் தடுக்கின்றன. பட்டர் பேப்பர் என்று கடையில் தருவதில் சில மெழுகு பூசியவை. அடுப்புச் சூட்டில் மெழுகு உருகும், அதனால் பேக்கிங் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். அதை நான்காக மடித்து, முனையை வைத்தே விசிறி போல இன்னும் இரண்டு முறை மடித்து, கூர்முனையைத் தட்டின் நடுவில் வைத்து, ஓரம் வரும் இடத்தில் வெட்டினால் கச்சிதமான வட்டம் வரும்.

கைவினைக்கு வருகிறேன். வட்டமாக அறுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது சங்கு வளையல்கள் கிடைத்தன. மன்னார் வளைகுடாச் சங்கு வளையலாக அறுபடுவதற்கு வங்காளம் வரை போயிருக்கிறது. இன்றைக்கும் சங்கையோ சிப்பியையோ அறுப்பவர்கள் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், முகக்கவசம் போடுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குப் போகும். பனை ஓலையை வட்டமாக வெட்டுவோர் முதலில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் நரம்போடு பிளக்கும்.

இப்போது இளம்பெண்கள் பாலிமர் களிமண்ணில் கம்மல் செய்து இணையத்தில் விற்கிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். அது பெயரில்தான் மண், உண்மையில் பிவிசியும் அதை மென்மையாக்கும் ரசாயனமும் சேர்ந்தது. அந்த ரசாயனம் கட்டரிலும் பலகையிலும் ஒட்டிக்கொள்ளும். என் வகுப்பில் ஒரு பெண் காலையில் கம்மலுக்கு வெட்டிய அதே சிறு வளையத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மதியம் பிஸ்கட்டுக்கு எடுத்தாள். கேட்டதும் பதறிவிட்டாள், அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. களிமண்ணுக்குப் போன வளையம் திரும்ப மாவுக்கு வரக் கூடாது. களிமண் கம்மலைச் சுட ஒரு சிறிய அடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், உறையில் போட்ட சூட்டைத் தாண்டவே வேண்டாம். கருகினால் வரும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

பிள்ளைகளுக்கு மைதாவும் உப்பும் பிசைந்த மாவு கொடுத்து விளையாடவிட்டால் ஆபத்தில்லை, அதைத் தின்ன விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் காற்றில் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை இழுக்கும். எங்கள் ஊரில் பல இரவுகள் அப்படித்தான். அடுப்பில் வைத்துக் காயவைத்து வார்னிஷ் பூசாவிட்டால் செய்த பொம்மை ஒரு வாரத்தில் கசியும்.

இப்போது கைவினை வளையங்கள் எல்லாவற்றிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்து, தனி டப்பாவில் பூட்டி வைக்கிறோம். மாவு வளையங்களை வகுப்பு தொடங்கும் முன் எண்ணி, விளிம்பைச் சுற்றிப் பஞ்சை ஓட்டிப் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பிசிறிலும் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும். அந்தப் பஞ்சைப் பிடிப்பவர், அன்று டம்ளர் கழுவிய அதே பெண். போன தடைக்காலத்தில் மூன்று வளையங்களை ஒதுக்கினார். அதில் ஒன்று நான் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுக் கட்டர்.