கன்சல்டிங்கா, தொழிற்சாலையா: மெக்கானிக்கல் முடித்தவர்கள் கையெழுத்துப் போடும் முன்

மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கையில் இரண்டு ஆஃபரோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றித்தான். ஒன்று கன்சல்டன்சி, இன்னொன்று தொழிற்சாலை; எதில் சீக்கிரம் மேலே வரலாம், எதில் உடம்பு தேயாது, எதற்கு வெளியில் மதிப்பு. கேட்பது நியாயம்தான், படிப்புக் கடனை யாராவது அடைத்தாக வேண்டுமே. ஆனால் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள் என்பேன்: அந்த இடத்தில் நீங்கள் ஒரு முடிவெடுத்தால், அது சரியா தப்பா என்பது எத்தனை நாளில் உங்களிடம் திரும்பி வரும்? முதல் நான்கைந்து வருடங்களில் ஒரு பொறியாளர் எவ்வளவு தேறுகிறார் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கன்சல்டிங் என்ற பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. டிசைன் கன்சல்டன்சி என்பது ஆலையோ கட்டடமோ மின் நிலையமோ, எது கட்டினாலும் அதற்கான கணக்கு, டிராயிங், டேட்டாஷீட் எல்லாம் போட்டுத் தருவது. மேனேஜ்மென்ட் கன்சல்டிங் என்பது நிறுவனங்களுக்குச் செலவைக் குறைக்கவும் உற்பத்தியைக் கூட்டவும் யோசனை சொல்வது. இதில் நீங்கள் படித்த தெர்மோடைனமிக்ஸுக்குப் பெரிதாக வேலை இருக்காது, எக்செல்லும் பேச்சும்தான் கருவி. மரியாதையான வேலைதான், ஆனால் பெயரைப் பார்த்து உள்ளே போய்விட்டு, மெக்கானிக்கலை விட்டு விலகிவிட்டோமே என்று பின்னால் வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பேசப்போவது டிசைன் கன்சல்டன்சியைப் பற்றி மட்டும்.

ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். கன்சல்டன்சியில் ஜூனியருக்குக் கொடுக்கும் ஆரம்பக் கணக்குகளில் இது ஒன்று. ஆலையில் எவ்வளவு திரவம் ஓட வேண்டும் என்று சொல்லும் ப்ராசஸ் ஆள், பின்னால் தேவைப்படலாம் என்று அந்த ஓட்டத்தில் 10 சதவீதம் கூட்டித் தருகிறார். குழாயின் உராய்வு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் அந்த 10 சதவீதமே உராய்வு ஹெட்டில் (உராய்வைத் தாண்டத் தேவையான அழுத்தம், திரவத்தின் உயரமாகச் சொல்வது) 21 சதவீதமாகிவிடும். அதன் மேல் நம் ஜூனியர், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இன்னொரு 15 சதவீதம் போடுகிறார். இப்போது ஓட்டம் 1.1 மடங்கு, ஹெட் எல்லாமே உராய்வு என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 1.39 மடங்கு; பெருக்கிப் பாருங்கள், தேவைப்பட்டதைப் போல ஒன்றரை மடங்கு திறன். சப்ளையர் தன்னிடம் இருக்கும் அடுத்த பெரிய சைஸைத்தான் கோட் பண்ணுவார். டேட்டாஷீட் சுத்தமாக இருக்கும், சீனியர் கையெழுத்துப் போடுவார், ஜூனியர் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விடுவார்.

அந்தப் பம்ப் ஓட ஆரம்பிப்பதே ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான். கணக்கில் போட்ட எதிர்ப்பு குழாயில் இல்லாததால் பம்ப் தன் வளைகோட்டின் (ஓட்டம் கூடக் கூட ஹெட் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்துக்கு ஓடிவிடும். அங்கே உறிஞ்சும் பக்கத்தில் கூடுதல் அழுத்தம் வேண்டும், அது கிடைக்காவிட்டால் கேவிட்டேஷன், அதாவது திரவத்தில் ஆவிக்குமிழிகள் உண்டாகி உடைவது, உள்ளே ஜல்லியைப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம். ஆபரேட்டர் டெலிவரி வால்வைப் பாதி மூடி அதை அடக்குவார், காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த வால்விலேயே வீணாகும். இன்னும் இறுக்கி மூடினால் வளைகோட்டின் இடது பக்கம் போய் ஷாஃப்ட் ஆடும், சீல் ஒழுகும், பேரிங் போகும். மெயின்டனன்ஸ் ஆள் சீலை மாற்றுவார், கொஞ்ச நாளில் மறுபடி மாற்றுவார், சீல் தரம் சரியில்லை என்று பர்ச்சேஸோடு சண்டை போடுவார்.

டிசைன் செய்தவருக்கு அந்தச் சத்தம் கடைசிவரை கேட்கவே இல்லை, அதனால் அடுத்த ப்ராஜெக்டிலும் அதே 15 சதவீதத்தைப் போடுகிறார். சீல் மாற்றுபவர் சத்தத்தைத் தினமும் கேட்கிறார், ஆனால் பம்பின் வளைகோட்டை எடுத்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதற்கு வழி இருக்கிறது. பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் வெளிவட்டத்தைக் கடைந்து சிறிதாக்கலாம். அல்லது வேகத்தைக் குறைக்கலாம்: உராய்வு மட்டுமே உள்ள லைனில் திறன் வேகத்தின் கனத்தோடு மாறும், வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் 0.8-இன் கனம் 0.512, மின்செலவு ஏறக்குறைய பாதி. இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் இருந்த ஒருவர் இதை ஒரே மதியத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், நீங்கள் அப்படி ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் பதில் வர வருடக்கணக்கு ஆகாது, அதே ஷிப்டில் வந்துவிடும். 300 மில்லிமீட்டர் நீள ஸ்டீல் பீஸ், டாலரன்ஸ் கூடவோ குறையவோ 0.02. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் சரியாக இருக்கிறது, இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குப் போய் ஆறியதும் ரிஜெக்ட் ஆகிறது. ஆபரேட்டர் கேஜைக் குறை சொல்வார், இன்ஸ்பெக்டர் ஆபரேட்டரைக் குறை சொல்வார். பீஸைக் கையால் தொட்டுப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். ஸ்டீல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு, மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். பீஸ் 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 300 மில்லிமீட்டரில் 0.054 மில்லிமீட்டர், அனுமதித்த 0.02-ஐப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். டிராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரியில் பார்க்க வேண்டியவை என்பது ஐஎஸ்ஓ விதி. இது பரீட்சைக்குப் படித்ததுதான், ஆனால் ஒரு தொட்டி நிறைய ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்கு முன்னால் நின்று பதில் சொன்னவர் பிறகு டிராயிங்கில் 0.02 என்று எழுதும்போது கொஞ்சம் யோசிப்பார். தேவையா, 0.1 போதாதா, எந்த மெஷினில் போடுவார்கள், எதை வைத்து அளப்பார்கள்.

எப்படிச் செய்வார்கள் என்று யோசிக்காமல் வரைந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்ததை இளம் பொறியாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்த இரண்டு நடைபாதைகளும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். மேல் நடைபாதையைத் தாங்கும் நட்டு கம்பியின் நடுவரை ஏற வேண்டுமென்றால் கம்பியில் அவ்வளவு தூரத்துக்கு மரை போட வேண்டும், தூக்கி மாட்டுவதற்குள் மரை அடிபடும். அதனால் தயாரித்தவர்கள் பக்கமிருந்து ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் யோசனை வந்தது. பிரித்ததும் கீழ் நடைபாதையின் பாரமும் மேல் நடைபாதையின் பீமில் வந்து தொங்க, அந்த இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. மாற்றிய டிராயிங் டிசைன் நிறுவனத்தின் முத்திரையோடே போனது, அந்த இணைப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் லைசென்ஸை இழந்தார்கள். இது சிவில் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள், கம்பியும் மரையும் நட்டும் நம் பாடம். வரைகிறவருக்கு ஒர்க்‌ஷாப் தெரியவில்லை, செய்கிறவர் பக்கம் கணக்கு இல்லை. பம்ப் கதையில் நடந்ததும் இதேதான், அங்கே போனது சீல், இங்கே போனது உயிர்.

இதைப் படித்துவிட்டுத் தொழிற்சாலை என்றாலே நல்லது என்று ஓடிவிடாதீர்கள். ஒரே லைன், ஒரே பார்ட் என்று வருடக்கணக்கில் உட்கார வைத்துவிடும் இடங்கள் நிறைய. காலையில் எண்ணிக்கை மீட்டிங், அப்புறம் பிரேக்டவுன், அப்புறம் ஆள் வரவில்லை, அப்புறம் டெஸ்பாட்ச் அவசரம்; நாள் ஓடிவிடும், பொறியியல் என்று ஒன்றும் நடந்திருக்காது. ஒரு மெஷின் 90 சதவீத நேரம், 90 சதவீத வேகத்தில் ஓடி, அதில் 90 சதவீதம் நல்ல பீஸ் வந்தால், தனித்தனியாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கும், பெருக்கினால் 73 சதவீதம்தான். மீதி 27 எங்கே போனது என்று தேடும் வேலை உங்களுக்குக் கிடைத்தால் அங்கே இருங்கள். ஆள் எண்ணி ஷிப்ட் ஓட்டுவது மட்டும்தான் என்றால் ஒன்றரை இரண்டு வருடத்தில் வேறு துறைக்கு மாற்றம் கேளுங்கள், தராவிட்டால் கிளம்புங்கள். காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதுதான் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். ப்ரெஸ் ஷாப்பில் காதடைப்பான் போடாமல் நிற்பது துணிச்சல் என்று சீனியர்கள் காட்டினால் நம்பாதீர்கள், போன செவி திரும்ப வராது.

கன்சல்டன்சியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏஎஸ்எம்இ, ஏபிஐ போன்ற அமைப்புகளின் பொறியியல் விதிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்க வைப்பார்கள், கணக்குக்கு முன்னால் அடிப்படை அனுமானங்களை எழுத வைப்பார்கள், நீங்கள் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பார். தொழிற்சாலையில் இந்த ஒழுங்கு பல இடங்களில் கிடையாது. ஒரே வருடத்தில் பாய்லர், குழாய், ஏசி, தீயணைப்பு என்று நாலு விதமான வேலையும் கைக்கு வரும். ஆனால் டைம்ஷீட் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏதாவது ஒரு ப்ராஜெக்டில் எழுதியாக வேண்டும், கற்றுக்கொள்ள ஒதுக்கிய நேரத்துக்கு அதில் கட்டம் இருக்காது. பழைய ப்ராஜெக்டின் டேட்டாஷீட்டை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பும் பழக்கம் அங்கேதான் தொற்றுகிறது. ஒரு பாகத்தில் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று சாஃப்ட்வேர் காட்டும் வண்ணப் படத்தை நம்பி, அந்தப் பாகத்தை எங்கே தாங்கிப் பிடித்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ரிப்போர்ட் போடுகிறவர்களும் உண்டு. எந்த ரிசல்ட்டுக்கும் கையால் ஒரு தோராயக் கணக்குப் போடுங்கள், இரண்டும் மடங்குக் கணக்கில் விலகினால் அதற்குக் காரணம் தெரியும்வரை அனுப்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே தரமான இடமென்றால் முதலில் தொழிற்சாலை, மூன்று வருடம் போல. கணக்கில் உண்மையான ருசி இருப்பவர்களுக்கும், உடல்நிலை காரணமாக இரவு ஷிப்ட் முடியாதவர்களுக்கும் கன்சல்டன்சியே சரி, ஆனால் வருடத்தில் சில மாதமாவது கமிஷனிங்குக்கு, அதாவது கட்டியதை முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு, சைட்டுக்கு அனுப்பும் நிறுவனமாகப் பாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொழிற்சாலை உனக்கு ஒத்துவராது, டிசைன் சீட்தான் பாதுகாப்பு என்று வீட்டிலும் சொல்வார்கள், ஹெச்ஆரும் நைச்சியமாகச் சொல்வார். ஷாப் ஃப்ளோரில் பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இரவு ஷிப்டுக்கு வண்டி யார் அனுப்புகிறார்கள், புகார் சொல்ல யாரிடம் போவது என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் குறை அந்தத் தொழிற்சாலையில்தான் இருக்கிறது, வேறொன்றைப் பாருங்கள். அதற்காக உற்பத்தித் துறையையே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்டர்வியூ கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்களே, அப்போது விடாதீர்கள். கன்சல்டன்சி என்றால், என் கணக்கை யார் சரிபார்ப்பார், நான் டிசைன் செய்தது ஓடுவதை நான் பார்ப்பேனா, போன வருடம் ஜூனியர்கள் எத்தனை பேர் சைட்டுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். தொழிற்சாலை என்றால், ப்ராசஸில் ஒரு மாற்றம் செய்ய என்னால் முன்மொழிய முடியுமா, அதை யார் ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேட்டரின் மெஷின் பக்கத்தில் இருக்கும் டிராயிங் எந்த ரிவிஷன், தேதி என்ன என்று பார்த்தாலே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

தொழிற்சாலையிலிருந்து கன்சல்டிங்குக்கு மாறுவது நான் பார்த்தவரை எளிது, எதிர்ப்பக்கம் மாறுவது நான்கைந்து வருடத்துக்கு மேல் கஷ்டமாகிவிடுகிறது, ஏனென்றால் சம்பளம் ஏறியிருக்கும், ஷாப் ஃப்ளோரில் நீங்கள் புது ஆளாகத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் மாறினாலும், உற்பத்தியைக் கவனித்தேன், டிசைனில் உதவினேன் என்று பயோடேட்டாவில் எழுதினால் யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. எந்த மெஷின், என்ன கோளாறு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, நடுவில் நீங்கள் போட்ட கணக்கு என்ன என்று எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது, அதனால் சேர்ந்த வாரத்திலேயே ஒரு நோட்டு வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பித்துவிடுங்கள். நிறுவனத்தின் டிராயிங்கையோ கோப்பையோ மட்டும் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.