கைபேசி தராத மந்தரம்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காரைக்குடி சாம்பசிவ ஐயரின் பழைய வீணைப் பதிவைக் கைபேசியில் போட்டால், அனுமந்தரத் தந்தியின் நாதம் வளவு முழுக்கக் கேட்கிறது. இத்தனை சின்ன ஸ்பீக்கரால் அது எப்படி முடிகிறது?"

அதனால் முடியாது. அந்த நாதத்தை உண்டாக்குவது உங்கள் மூளை.

வீணையின் ஆகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரம் 100 ஹெர்ட்ஸுக்கும், அதாவது நொடிக்கு 100 அதிர்வுக்கும், கீழே ஒலிப்பது. கணக்குக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். மீட்டியதும் 140, 210, 280 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும் என்பது பள்ளிப் பாடம். கைபேசி அடியில் உள்ளவற்றை விட்டுவிட்டு 350, 420, 490 என மேலே இருப்பவற்றைத்தான் ஒழுங்காகத் தருகிறது.

இந்த மூன்று அலைகளையும் ஒரு தாளில் சேர்த்து வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் அதிர்ந்தாலும், மூன்றின் முகடுகளும் ஒன்றாகக் கூடுவது நொடிக்குச் சரியாக 70 முறை! செவி நரம்புகள் அந்தக் கூடலோடு ஒத்துத் துடிக்கின்றன. மூளை அந்தத் துடிப்பையும் மடங்குகளின் வரிசையையும் கொண்டு, வராத அடிச்சுரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. காதே எங்காவது 70-ஐத் தயாரித்திருக்கலாமே என்று தோன்றும். இணையத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான லிக்லைடர் 1954-இல் அதைச் சோதித்தார். தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சலைப் பரப்பினார். அங்கே நிஜமாக ஒலி இருந்தால் அமுங்கியிருக்கும். சுரம் அமுங்கவில்லை.

வீணைக்கு இதில் ஒரு கூடுதல் பலம் உண்டு. தந்திகளைத் தாங்கும் அதன் குதிரையின் அகன்ற, வளைந்த மேற்பரப்பு, மீட்டும் இடத்தைப் பொறுத்து எழாமலே போகவேண்டிய மடங்குகளையும், அதாவது மேற்சுரங்களையும், எழுப்பிவிடுகிறது என்று சி.வி. ராமன் 1921-இல் காட்டினார். மூளைக்கு அத்தனையும் தடயம்.

1975-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜெரார் கிரிஸே டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் தாழ்ந்த சுரம் ஒன்றைப் பகுத்து, அதன் மேற்சுரங்களை 18 கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்து 'பார்சியெல்' என்ற படைப்பை எழுதினார். ஒலி ஆய்வே அங்கே இசையாகிவிட்டது.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. வீணைக்குப் பேர்போன அதே ஊரில், இசையமைப்பாளரும் செவி ஆய்வாளரும் சேர்ந்து உட்கார இரைச்சல் புகாத ஓர் அறைக்கும் சில உதவித்தொகைகளுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எடுக்க வேண்டிய கேள்வியும் தயார்: தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும்போது மடங்குகள் எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன, அந்த ஓட்டத்தில் எந்த இடத்தைச் சுரம் என்று மூளை பிடித்துக்கொள்கிறது?