மூழ்குவது உங்கள் வயல், அளப்பது ஊரின் விளைச்சல்

காவிரிப் படுகையில் வேளாண்மை அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "பக்கத்து ஊருக்குப் பணம் ஏறிவிட்டது, எங்களுக்கு ஏன் சார் வரவில்லை?" என்பதுதான். எந்தப் பணம் என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. அரசின் வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் ஒன்றென்றே நினைத்திருப்பார்கள்.

நிவாரணத்துக்குப் பிரீமியம் கிடையாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26ஆம் ஆண்டுகளுக்கான விதிகளின்படி, 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பயிர் சேதமடைந்திருந்தால், பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாயும் மானாவாரிக்கு 8,500 ரூபாயும், ஒருவருக்கு 2 எக்டேர் வரை, இடுபொருள் மானியமாகக் கிடைக்கும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் நெல்லுக்கு 6,900 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. உழவுக்கும் நடவுக்கும் செலவழித்தவருக்கு இது எம்மாத்திரம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே சேதம் வயல் வாரியாகக் கணக்கெடுக்கப்படுகிறது. ஆனால் தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து வரும் அலுவலரின் கண்ணுக்குப் பயிர் பச்சையாகவே நிற்கும். பூக்கும் தருணத்தில் மூழ்கிய கதிர் பதராகிப் போனது அறுக்கும்போதுதான் தெரியும். ஆகையால் தண்ணீர் நிற்கும்போதே, வரப்பும் அடையாளமும் தெரியும்படி தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டின் கணக்கு வேறு. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காட்டை விவசாயி கட்டுகிறார். மீதிப் பிரீமியத்தை அரசுகள் ஏற்கின்றன. இழப்பீட்டை முடிவு செய்வது உங்கள் வயலின் விளைச்சல் அன்று, வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சல். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் அறுத்து, அடித்து, எடை போட்டு அந்தச் சராசரியைக் காண்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தாண்டுகளின் சராசரியிலிருந்து உத்தரவாத விளைச்சல் கணக்கிடப்படும். அது 800 கிலோவாக இருந்து, இந்த ஆண்டு 600 கிலோதான் கண்டது என்றால், காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு கிடைக்கும். ஊர் நன்றாக விளைந்து, வாய்க்காலின் கடைமடையில் உங்கள் வயல் மட்டும் அழுகிப்போனால் ஒன்றும் கிடைக்காது.

தனி வயல் இழப்புக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்து இழப்பீடு கோரும் பிரிவு இத்திட்டத்தில் உண்டு. ஆனால் 2018-இல் நெல் மூழ்குவது அதிலிருந்து நீக்கப்பட்டது. நெல்லே பிரதானமான டெல்டாவுக்கு இது பெரிய அநீதி என்பது என் கருத்து. 2026 காரீப் பருவம் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்துள்ளது.

குத்தகைக்காரர்களின் நிலை இன்னும் சிக்கலானது. வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்பவருக்கு அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேட்டில், பெயர் இருப்பதில்லை. செலவழித்தவர் ஒருவர், பணம் ஏறுவது பட்டாதாரருக்கு. காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் முன்பே குத்தகைக்காரர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைத் தம் பெயரில் பெற முயல வேண்டும். நில உரிமையாளர் தயங்குவார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு முறை, நான்கு ஏக்கர் சம்பாவுக்கு முறையாகப் பிரீமியம் கட்டிய ஒருவர், ரசீதைப் பல மாதங்கள் டிரங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஊரில் எல்லோருக்கும் பணம் வந்த பிறகு என்னிடம் எடுத்து வந்தார். சர்வே எண் சரியாக இருந்தது, வங்கிக் கணக்கு சரியாக இருந்தது. கிராமத்தின் பெயர் மட்டும், 'கீழ' என்று தொடங்குவதற்குப் பதில் 'மேல' என்று பதிவாகியிருந்தது. அந்த 'மேல' கிராமத்தில் அந்த ஆண்டு நல்ல விளைச்சல், அதனால் இழப்பீடு இல்லை. பதிவு முடிந்த வாரமே பார்த்திருந்தால் திருத்தக் கேட்டிருக்கலாம். அவர் என்னிடம் வந்தபோது அதற்கான கெடுவும் முடிந்திருந்தது.