மந்தமான நீவாட்டுக்குப் பெரிய இறக்கை

பாம்பன் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் வடகடலும் தென்கடலும் ஒன்றையொன்று இழுப்பது கண்ணுக்கே தெரியும். சோழகம் என்னும் தென்காற்றுக் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடையில் திரும்பிக்கொள்ளும். இங்கே ஒரு டர்பைனை இறக்கினால் மின்சாரம்தானே என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

கணக்கு அதற்குள் குறுக்கே வருகிறது. ஓடும் நீரின் ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 2 மீட்டர் ஓட்டத்தில் ஒரு சதுர மீட்டரைக் கடப்பது ஏறத்தாழ 4,000 வாட். 1 மீட்டர் ஓட்டத்தில் வெறும் 500. இந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஒரு மீட்டர்கூட இல்லை. 1966 முதல் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் இயங்கும் பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் அது சராசரியாக 8 மீட்டர். ஓட்டம் மந்தமான இடத்தில் அதே மின்சாரம் வேண்டுமென்றால் இறக்கை பெரிதாக வேண்டும், அல்லது வரிசையாக நட வேண்டும். கடல் உயிர்களுக்கு வரும் ஆபத்தை அளப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கடலை மறிக்கிறோம்?

மறித்தால் யார் மோதுவார்கள்? ஆவுளியா என்னும் கடற்பசு கடற்புல் மேய அடிக்குப் போகும், மூச்சுவிட மேலே வரும். இறக்கை சுழல்வது இடையில். எத்தனை விலங்கு, எந்த ஆழம், எந்த நேரம் என்பதையெல்லாம் ஓரளவு எண்ணிவிடலாம். அது விலகிப் போகுமா என்பதுதான் சிக்கல். வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியில் 2008இல் நிறுவிய டர்பைனை, சீல் என்னும் கடல்நாய் நெருங்கினால் நிறுத்திவந்தார்கள். சீலுக்கு நல்லது, ஆனால் ஓடும் இறக்கையருகே அது என்ன செய்யும் என்று பார்க்க வழியில்லாமல் போனது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. ஓட்டத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சினால் நீர் தளரும், சுமந்து வந்த வண்டல் படியும். அருகில் குருசடைத் தீவின் பவளங்கள் இருக்கின்றன. வண்டல் மூடினால் பவளம் திணறும்; நீர் கலங்கினால் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காது. ஒரு டர்பைன் இதைச் செய்யாமல் இருக்கலாம். ஐம்பது நட்டால் என்னாகும் என்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே அளவீடு கட்டுமானத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். காற்று மாறும் இரண்டு பருவங்களிலும், டர்பைன் வராத வேறொரு இடத்திலும் சேர்த்து. எந்த மாதம் எந்தப் பக்க வலையில் அறுந்த கடற்புல் சிக்குகிறது என்று பாம்பன் மீனவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அந்த அளவீட்டில் சேரும்.